வளரும் பிள்ளையின் முதுகு வளைந்தால்: செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் 10 வயதிலிருந்து 15 வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால், அதன் வெறும் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய வயதில் வாரம் தவறாமல் கண்ணில் பட்ட முதுகு அது. பிள்ளை தானே குளிக்கவும், கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றவும் தொடங்கிய பிறகு யாரும் பார்ப்பதில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் பெரும்பாலும் தலைகாட்டுவதும், வேகமாகக் கூடுவதும் சரியாக அந்த வயதில்தான். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் பிள்ளையும் எதுவும் சொல்லாது.

நான் காரைக்குடியில் ஃபிசியோதெரபி பார்க்கிறவள். வருகிற பெற்றோர் பலரும் முதலில் சொல்வது, "வளர வளரச் சரியாப் போயிரும்னு இருந்துட்டோம்" என்பதுதான். வளைவின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. பிள்ளை வேகமாக உயரும் மாதங்களில்தான் வளைவும் வேகமாகக் கூடும். வளர்ச்சி நின்ற பிறகு பிரேஸ் என்னும் முதுகுக் கவசம் போட்டுப் பயனில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது காலத்தைப் பற்றித்தான்.

இது என்ன, ஏன் வருகிறது

பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும். ஸ்கோலியோசிஸில் அது ஒரு பக்கமாகவோ ஆங்கில 'S' எழுத்துப் போல இரு பக்கமாகவோ வளைகிறது. கூடவே முள்ளெலும்புகள் தம் அச்சில் திருகிக்கொள்கின்றன. இந்தத் திருகல்தான் முக்கியம்: விலா எலும்புகளையும் சேர்த்து இழுப்பதால் முதுகின் ஒரு பக்கம் புடைத்துத் தெரியும். எக்ஸ்ரேயில் 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளரிளம் பருவத்தில் நூற்றில் 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கும். சிறிய வளைவுகள் ஆண், பெண் பிள்ளைகளிடம் ஏறக்குறைய சமமாக இருக்கும். சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கூடுவது பெண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம்.

பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. குடும்பத்தில் தொடர்ந்து வரும் தன்மை உண்டு, அவ்வளவுதான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல அம்மாக்கள் தம்மையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்க விட்டேன், இடுப்பில் குடம் தூக்க விட்டேன், ஒரு தோளில் பை மாட்ட விட்டேன் என்று. இவற்றில் எதுவும் ஸ்கோலியோசிஸை உண்டாக்காது. பள்ளிப் பை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அது நல்ல விதி, தோள் வலியும் முதுகு வலியும் குறையும். வளைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மீதிப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியும். கருவிலேயே முள்ளெலும்பு சரியாக உருவாகாமல் போயிருக்கலாம். அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை மூன்றும் கருவில் ஒரே காலத்தில் உருவாகின்றன. மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு போன்றவற்றாலும் வளைவு வரும்.

கூன் வேறு

பக்கவாட்டில் வளைவது ஒன்று, முன்னோக்கிக் குனிவது வேறொன்று. ஃபோன் பார்த்துப் பார்த்துத் தோள் குனிந்த பிள்ளையை "நிமிர்ந்து நில்" என்றால் நிமிர்ந்துவிடும். அது பழக்கம், பயிற்சியில் சரியாகும். எவ்வளவு முயன்றாலும் நிமிராத, விறைப்பான கூன் என்றால் ஷூவர்மன் என்னும் வகையாக இருக்கலாம். அதில் முள்ளெலும்புகள் முன்பக்கம் ஒடுங்கி ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடுகின்றன. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது வகையை நம் ஊரில் மறக்கவே கூடாது. முதுகில் ஓர் இடத்தில் மட்டும் முனை போலத் துருத்திக்கொண்டு, தொட்டால் வலித்து, சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் இரவு வியர்வையும் சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று அன்றே பார்க்க வேண்டும். இருமல் இல்லாமலும் இது வரும். காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். இப்படிப்பட்ட முதுகை நீவி விடுவது, மிதித்து விடுவது, இழுத்துக் கட்டுவது எல்லாம் பிள்ளையின் கால்களையே செயலிழக்கச் செய்துவிடக் கூடும்.

முதல் வேலை: வீட்டில் பார்ப்பது

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பெண் பிள்ளையை அம்மாவோ அக்காவோ அப்பத்தாவோ பார்க்கட்டும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். அப்படி ஒருமுறை கூசிப்போன பிள்ளை அதன் பிறகு யாரிடமும் முதுகைக் காட்டாது.

நம் பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கோடுகள் நேராக ஓடும். வெளிச்சம் விழும் அறையில், ஒரு கோட்டின் மேல் இரண்டு குதிகாலும் படும்படி பிள்ளையைச் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். முடியை முன்பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்ளட்டும். நேரான கதவு நிலையோ தூணோ பக்கத்தில் இருந்தால், எது சாய்ந்திருக்கிறது என்பது உடனே தெரியும். பின்னால் நின்று இவற்றைக் கவனியுங்கள்: இரண்டு தோளும் ஒரே மட்டமா? தோளின் பின்பக்க எலும்புகளில் ஒன்று மட்டும் துருத்துகிறதா? கையைத் தொங்கவிட்டால் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றா? தலை, இடுப்பின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறதா?

அடுத்து, குனியும் சோதனை. 1865இல் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கியது. இன்றும் இதைவிட எளிதான சோதனை இல்லை. பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் கூப்பித் தொங்கவிட்டு மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். முதுகு தரைக்கு இணையாக வரும்போது, உங்கள் கண் அந்த மட்டத்துக்கு இறங்கட்டும். ஒரு பக்க விலா மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தெரிந்தால் அதுதான் அந்தத் திருகல். வலது பக்கம் மேடாக இருப்பதே அதிகம். இடுப்புப் பக்கத்தில் மேடு தெரிந்தாலும் கணக்கில் கொள்ளுங்கள். பிறகு பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து மறுபடி குனியச் சொல்லுங்கள். நிற்கும்போது தெரிந்த மேடு உட்கார்ந்தால் மறைந்துவிட்டால், ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கலாம். முதுகெலும்பு நன்றாகவே இருக்கும்.

மேட்டை அளக்க ஸ்கோலியோமீட்டர் என்று ஒரு சிறு கருவி உண்டு, ஃபோனிலும் அதற்கான செயலிகள் கிடைக்கின்றன. அது காட்டுவது மேட்டின் சாய்வை, எக்ஸ்ரே டிகிரி வேறு. 5 டிகிரி காட்டினால் கவனம், 7 காட்டினால் தாமதிக்காமல் மருத்துவர். கருவி இல்லாவிட்டாலும் கண்ணுக்கு மேடு தெரிந்தாலே போய்க் காட்டலாம். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரம். அடுத்த முறை ஒப்பிட உதவும். படம் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டாம்.

அளவெடுக்கும் தையல்காரர் சொல்வதையும் காதில் வாங்குங்கள். பாவாடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ரவிக்கையில் ஒரு தோள் இறங்குகிறது என்று அவர் சொன்னால், தையலைக் குறை சொல்வதற்கு முன் பிள்ளையின் முதுகைப் பாருங்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர்தான் என்று என்னிடம் சொன்ன குடும்பங்கள் உண்டு.

உடனே போக வேண்டிய அடையாளங்கள்

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காலில் மரத்துப்போதல் அல்லது பலக் குறைவு, நடையில் தடுமாற்றம், புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமை, சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியுமளவு கூடிய வளைவு. உடம்பில் பால் கலந்த காபி நிறத்தில் பல தேமல்கள், அல்லது முதுகின் நடுக்கோட்டில் கொத்தாக முடியோ குழியோ இருந்தாலும் சொல்லுங்கள். மேல்முதுகு வளைவு இடப்பக்கமாக இருந்தால் மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லலாம். தண்டுவடத்தில் வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத்தான், பயப்பட வேண்டாம். 10 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வளைவு தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. கைக்குழந்தைகளில் சிலருக்குத் தானே நேராகும், சிலருக்குக் கூடும். எது எப்படிப் போகும் என்பதை எக்ஸ்ரேயில் விலா எலும்பின் கோணத்தை வைத்துக் கணிக்கும் முறையை லண்டனில் பணியாற்றிய மருத்துவர் மின் மேத்தா 1972இல் வெளியிட்டார். கூடும் குழந்தைகளுக்கு மாவுக்கட்டு போட்டே பல வளைவுகளைத் திருத்த முடிகிறது.

எங்கே போவது

அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வரும். 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. அந்த நாளில் முதுகைப் பார்க்கச் சொல்லி வகுப்பாசிரியரிடமோ பி.டி. ஆசிரியரிடமோ முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இல்லையென்றால் காரைக்குடி அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி பக்கம். பிரேஸ், அறுவை என்று பேச்சு வந்தால் பிள்ளைகளின் முதுகெலும்பையே தொடர்ந்து பார்க்கிற நிபுணர் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டிவிடுங்கள். வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா போன்ற இடங்களில் தனிப் பிரிவே இருக்கிறது.

எக்ஸ்ரே எடுக்கும்போது மூன்று விஷயம். நிற்க வைத்து எடுக்க வேண்டும், படுத்தால் வளைவு குறைத்துக் காட்டும். கழுத்திலிருந்து இடுப்பு எலும்பு வரை முழு முதுகும் ஒரே படத்தில் வர வேண்டும். சில சிறிய லேப்களில் இரண்டு துண்டாக எடுத்துத் தருவார்கள், அளக்க முடியாது. பின்னாலிருந்து கதிர் போகும்படி எடுத்தால் பெண் பிள்ளையின் மார்புக்குக் கதிர்வீச்சு குறையும். சந்தேகப்பட்டு மாதாமாதம் எக்ஸ்ரே எடுக்காதீர்கள். வளரும் வயதில் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை என்பதே வழக்கம்.

ரிப்போர்ட்டில் மூன்று செய்தி

ஒன்று, காப் கோணம். வளைவு எத்தனை டிகிரி என்பது. அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் வகுத்த முறை. அளப்பதில் 5 டிகிரி வரை வித்தியாசம் வரும் என்பதால், 22 இருந்தது 24 ஆகிவிட்டது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 22 இருந்தது 28 ஆகிவிட்டது என்றால் அது உண்மையான கூடுதல்.

இரண்டு, ரிஸ்ஸர் எண். இடுப்பெலும்பின் விளிம்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 0 முதல் 5 வரை குறிப்பார்கள். 0 என்றால் இன்னும் நிறைய வளர வேண்டியிருக்கிறது. 5 என்றால் வளர்ச்சி முடிந்தது.

மூன்றாவது எக்ஸ்ரேயில் இல்லை, உங்களிடம் இருக்கிறது: பெண் பிள்ளை வயதுக்கு வந்த தேதி. நம் வீடுகளில் சடங்கு வைத்ததால் அந்த நாள் யாருக்கும் மறக்காது. மருத்துவரிடம் போகும்போது எழுதிக்கொண்டு போங்கள். பூப்புக்கு முந்தைய ஓராண்டு அளவில்தான் உயரம் மிக வேகமாகக் கூடும். அதன் பிறகு வேகம் குறைந்து, இரண்டு ஆண்டு அளவில் வளர்ச்சி ஓய்ந்துவிடும். ஆண் பிள்ளைகளுக்கு இந்த வேகம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிந்தி வரும்.

கோணத்தையும் வளர்ச்சியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், 20 முதல் 29 டிகிரி வளைவும் ரிஸ்ஸர் 0 அல்லது 1உம் உள்ள பிள்ளைகளில் 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடியது. அதே அளவு வளைவு, ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை உள்ளவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் கூடியது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 25 டிகிரி, ஒன்றும் செய்யவில்லை, நன்றாக இருக்கிறாள் என்ற பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவள் வயதும் உங்கள் மகள் வயதும் வேறாக இருக்கும்.

சிகிச்சை

20 டிகிரிக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு மட்டும்தான். 25 முதல் 40 வரை, வளர்ச்சி பாக்கி இருந்தால், பிரேஸ். வளரும் பிள்ளைக்கு 45, 50ஐத் தாண்டினால் அறுவை பற்றிப் பேசுவார்கள். இடைப்பட்டவற்றை மருத்துவர் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானிப்பார்.

பிரேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஜெயிப்பதும் தோற்பதும் வீட்டில்தான் நடக்கிறது. பிளாஸ்டிக்கில் உடம்பை அளந்து செய்யும் கவசம் அது. அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை வரும். வளைவை நேராக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது: பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை அளவான 50 டிகிரியை எட்டவில்லை, வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 48 சதவீதம். பிரேஸுக்குள் சென்சார் வைத்து நேரத்தையும் அளந்தார்கள். நாளுக்குச் சராசரி 13 மணி நேரம் அளவுக்கோ அதற்கு மேலோ போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் குறையாமல் பலன் கிடைத்தது. மருத்துவர் 18 மணி நேரம் என்று சொன்னால் 18ஐ நோக்கிப் போங்கள். ஒரு நாள் குறைந்தால் அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

நம் ஊர் வெயிலில் இது லேசான காரியம் இல்லை. பங்குனி தொடங்கி ஆவணி வரை உடம்பு கசகசக்கும். உள்ளே தையல் மடிப்பில்லாத, இறுக்கமான பருத்தி பனியன் போடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்றலாம். பிரேஸுக்கு அடியில் பவுடர், எண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம், தோல் ஊறிப் புண்ணாகும். கழற்றிய பிறகு சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால், தோல் உரிந்தால், செய்து கொடுத்தவரிடம் போய்ச் சரிசெய்யுங்கள், வீட்டில் வெட்டித் திருத்தாதீர்கள். முதல் நாளே முழு நேரம் போடச் சொல்லாமல், சில மணி நேரத்தில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முழு நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரேஸ் வந்து சில வாரத்தில், அதைப் போட்டுக்கொண்டே ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே வளைவு பாதி அளவுக்காவது குறைந்து தெரிந்தால் நல்ல பிரேஸ் என்று பொருள். பிள்ளை உயர உயர அது சிறிதாகிவிடும், மாற்ற வேண்டியிருக்கும். இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

கழற்றும் நேரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மாலை விளையாட்டு, குளியல், பள்ளி ஆண்டு விழா. முத்துமாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம், அந்த ஓரிரு மணி நேரத்தில் வளைவு கூடிவிடாது. அறுவை முடிந்த பிள்ளை என்றால் மட்டும் அறுவை செய்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டம், நீச்சல், சிலம்பம், பரதம் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கு ஸ்கோலியோசிஸ் உண்டு என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், முகம் மலரும்.

என் தொழிலைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஷ்ராத் முறை போன்ற, வளைவுக்கென்றே அமைந்த பயிற்சிகள் உண்டு. கதரினா ஷ்ராத் 1921இல் ஜெர்மனியில் தொடங்கியது. லேசான வளைவில் ஓரளவு உதவும், பிரேஸ் போடும் பிள்ளையின் தசை வலுவாக இருக்கவும் மூச்சு விரியவும் உதவும். பிரேஸ் தேவைப்படும் பிள்ளைக்குப் பயிற்சி மட்டும் போதும் என்று எந்த ஃபிசியோதெரபிஸ்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். யோகா, நீவல், தொங்கல், இழுவைக் கட்டு இவற்றால் 40 டிகிரி நேரானது என்று காட்டும் படங்களையும் அப்படித்தான். எண்ணெய் நீவலால் அசதி போகும். ஆனால் நீவிக்கொண்டே கழியும் ஆறு மாதம், பிரேஸ் வேலை செய்திருக்கக்கூடிய ஆறு மாதம். அது திரும்ப வராது.

அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் பல குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுகின்றன. நடப்பது இதுதான்: வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளில் திருகாணிகள் பொருத்தி, உலோகக் கம்பிகளால் நேராக்கி, எலும்புத் துகள் வைத்து அந்தப் பகுதியை ஒன்றாக இணைத்துவிடுவார்கள். அறுவை நடக்கும்போதே நரம்புகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று கருவி வைத்துக் கண்காணிப்பார்கள். காரணம் தெரியாத வகை ஸ்கோலியோசிஸில் நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஓரிரு நாளில் எழுந்து நடப்பார்கள், ஒரு வாரம் அளவில் வீடு, ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் பள்ளி. 50 டிகிரிக்கு மேல் விட்டுவிட்டால் வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்கு ஒரு டிகிரி அளவில் கூடிக்கொண்டே போகும். மேல்முதுகு வளைவு 70, 80ஐத் தாண்டும்போது நுரையீரல் திணறும்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றும், குடும்ப அட்டையும் தயாராக இருக்கட்டும். உங்கள் பிள்ளைக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருகிறதா என்பதை மருத்துவமனையிலுள்ள திட்ட மேசையில் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டுப் பேச்சு

"நாளைக்குக் கல்யாணம் பேசணும், வெளியில தெரியக் கூடாது" என்று மறைப்பதால்தான் நம் பக்கத்தில் பல பெண் பிள்ளைகளின் பிரேஸ் அலமாரியில் கிடக்கிறது. ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்கள், அறுவை செய்துகொண்டவர்கள் உட்பட, கருத்தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள். பிரசவ நேரத்தில் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும். அப்பத்தாவையும் ஆயாவையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போய் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். படத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் அதன் பிறகு பிரேஸ் நேரத்தைக் கணக்கு வைத்துக் கண்டிப்பவர்களாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் வகுப்பாசிரியருக்கும் ஒரு நெருங்கிய தோழிக்கும் தெரிந்தால் போதும்.

எக்ஸ்ரே, டிகிரி, உயரம், தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதுங்கள். உயரம் கூடுவது நின்று, ரிஸ்ஸர் 4ஐ எட்டி, பெண் பிள்ளைக்குப் பூப்பெய்தி இரண்டு ஆண்டாவது ஆன பிறகுதான் பிரேஸைக் கழற்றும் பேச்சு வரும். அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தம்பி, தங்கை இருந்தால், சித்தப்பா வீட்டிலும் மாமா வீட்டிலும் 10 வயதான பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் அதே தரைக்கோட்டில் நிற்க வைத்துக் குனியச் சொல்லிப் பாருங்கள்.